விமான விபத்தும் மூன்று வீட்டு விசாரணையும்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் தும்மினால்கூட, எதற்காக இப்போது தும்மினார் என்று யோசிப்பவன். பொதுவாக இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே ஒரு முறை மட்டும் ராயபுரத்தில் ஒரு முழுக் கட்டடமே என்னால் மாடிப்படியில் வந்து நின்றது.

இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் பொழுதுபோக்காகக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். (பகலில் கன்டெய்னர் யார்டில் குமாஸ்தா. அங்கே என் தமிழுக்கு வேலை இல்லை.) பழைய விமான விபத்து ஒன்றைப் பற்றிய கட்டுரை முதல் பக்கத்துக்குப் போக இருந்தது. சரிபார்த்தவர்கள், "தகவல்கள் சரி. நடையை யாராவது மெருகேற்றினால் நல்லது" என்று எழுதியிருந்தார்கள். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் சோப்பு டப்பா பரிசு வாங்கியவன் நான். அந்த 'யாராவது' நான்தான் என்று எடுத்துக்கொண்டேன். தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

"விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது" என்று ஒரு வரி இருந்தது. இதெல்லாம் ஒரு வரியா? "இரும்புப் பறவை காலனின் அழைப்பை ஏற்று மண்மகள் மடியில் நிரந்தரத் துயில் கொண்டது" என்று மாற்றினேன். மாலையில் வந்து பார்த்தால் பறவையைக் காணோம். விமானம் பழையபடி பள்ளத்தில் கிடந்தது. மாற்றிய ஆள் காரணமும் எழுதியிருந்தார்: "விழுந்தது என்றால் போதும்."

விமானியை வானத்துச் சிங்கம் ஆக்கினேன். மறுநாள் சிங்கம் விமானியாகிவிட்டது. காரணம்: "இவர் போய்ப் பார்த்தாரா?" உறவினர்களைக் கண்ணீர்க் கடலில் ஆழ்த்தினேன். காரணம்: "கடல் வேண்டாம்."

இது சாதாரண ஆளின் வேலை இல்லை என்று முடிவு கட்டினேன். உண்மையை மறைக்க விமான நிறுவனமே ஆள் வைத்திருக்கிறது. (எந்த உண்மையை என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.) அந்த ஆள் பெயர் பதியாமல் திருத்தியதால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இணைய இணைப்பின் எண் மட்டும் தெரிந்தது. ஒருநாள் நானும் மறதியாகப் பெயர் பதியாமல் ஒரு வரியைத் திருத்திவிட்டேன். அதே எண் வந்து நின்றது. ஒரு நிமிஷம் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

பிறகுதான் விளங்கியது. எங்கள் கட்டடத்தில் மூன்று வீட்டுக்கும் ஒரே நெட். பெட்டி என் வீட்டில், பாஸ்வேர்ட் எல்லோரிடமும். ஆக, எதிரி இதே படியில்தான் ஏறி இறங்குகிறான்.

கீழ்வீட்டு ஏழுமலை துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுபவர். "பிளேன்லாம் நமக்கு இன்னாத்துக்கு நைனா, அதான் ரயிலு கீதே" என்று எப்போதோ சொன்னவர். விமானத்தைப் பற்றி ஒருவர் ஏன் வலிய வந்து பேச வேண்டும்? மேல்வீட்டு ஜமீலா அக்காவின் கணவருக்குத் துபாயில் வேலை. ஊருக்கு விமானத்தில்தான் வருகிறார். வேறென்ன ஆதாரம் வேண்டும்? அவர்கள் மகள் நஸ்ரின் வேறு அந்த வாரம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை கட்டுரையைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். ஒரு வரி மாறியது. ஆள் இப்போது உள்ளே இருக்கிறான். நெட்டைப் பிடுங்கினால் யார் பதறிக்கொண்டு வெளியே வருகிறாரோ அவர்தான் குற்றவாளி. பிளக்கைப் பிடுங்கினேன். (நெட் போனால் எல்லோருமே வெளியே வருவார்கள் என்பது பிடுங்கிய பிறகுதான் தோன்றியது.)

ஏழுமலை மாடிப்படிக்கு வந்தார். ஜமீலா அக்கா வந்தார். என் மனைவி கஸ்தூரி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாகச் சமையலறையிலிருந்து வந்தாள். அவளை மட்டும், "நீ உள்ள போ, இது வேற விஷயம்" என்றேன்.

"அந்த பிளேன் கட்டுரைல கை வெக்கிறது யாரு?" என்று விசாரணையைத் தொடங்கினேன்.

"இன்னா கட்டுரை? நான் மேட்ச் பாத்துகினு இருந்தேம்பா," என்றார் ஏழுமலை. அவர் பொய் சொல்வதாகவே எனக்குப் பட்டது.

அப்போது நஸ்ரின் இறங்கி வந்தாள். மேலே கோட்டு, கீழே நைட் பேன்ட். கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, இன்டர்வியூல இருந்தேன். கடைசி ரவுண்டு. பாதி பதில்ல கட் ஆயிடுச்சு. போன்ல டேட்டாவும் இல்ல."

"இந்த வேலைக்காவ எம்மாம் நாளா படிச்சிகினு கீறா தம்பி," என்றார் ஜமீலா அக்கா. "இது கெடச்சா அவ அத்தா துபாய வுட்டுட்டு வூட்டுக்கே வந்துர்றேன்னு கீறாரு."

அப்போதாவது பிளக்கைச் சொருகியிருக்கலாம். நான் நஸ்ரினைப் பார்த்து, "இன்டர்வியூக்கு நடுவுல அந்த வரிய மாத்துனது நீயில்லல்ல?" என்று கேட்டேன். இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

"யோவ், நாந்தான்யா," என்றாள் கஸ்தூரி.

கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது.

"நீயா? எதுக்கு?"

"செத்தவங்களோட ஜனம் அதப் படிக்கும். எழவு வூட்டுக்குப் போனா இப்டியா பேசுவ? மொத நாளே சொன்னேன். நீதான் 'என் தமிழு உனக்குப் புரியாது'ன்ட்ட." பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. போனை நஸ்ரின் கையில் கொடுத்தாள். "இதுல டேட்டா கீது. ஓடு."

நஸ்ரின் திரும்பி வரும் வரை நாங்கள் படியிலேயே நின்றோம். ஏழுமலை அவ்வப்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடைசியில் நஸ்ரின் மெதுவாக இறங்கி வந்தாள்.

"மறுபடி எடுத்தாங்க. ஏன் கட் ஆச்சுன்னு கேட்டாங்க. நடு வூட்டு அண்ணன் பிளேன் விபத்த விசாரிச்சுகினு கீறாருன்னு சொன்னேன். அவங்க சிரிச்சு முடிக்கவே நேரமாயிடுச்சு."

வேலை கிடைத்தது. கட்டுரையும் முதல் பக்கத்துக்குப் போனது, கஸ்தூரியின் வரிகளோடு. என் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. பள்ளத்தில் விழுந்தது, இத்தனை பேர் இறந்தார்கள் என்று படித்துக்கொண்டே வந்தவனால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. என் இரும்புப் பறவையைப் படித்தபோதெல்லாம் எனக்குப் பெருமை மட்டும்தான் வந்திருந்தது.

இப்போது நான் எதை எழுதினாலும் அவள் பார்க்காமல் வெளியே போவதில்லை. போன மாதம் விடுப்புக் கடிதத்தில் "கடும் காய்ச்சல்" என்று எழுதியிருந்தேன். தெர்மாமீட்டரை என் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, 'கடும்' என்பதை அடித்துவிட்டாள்.

நெட் பெட்டி ஜமீலா அக்கா வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவர் கணவரும் துபாயை விட்டு வந்துவிட்டார். வந்த அன்று பெட்டிகளோடு படியேறியவர், என் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு முதல் வார்த்தையாகக் கேட்டார்: "தம்பி, நான் வந்த பிளேனு நல்லபடியா எறங்கிடுச்சு. எழுதிக்கலாமா, இல்ல உனுக்கு இன்னும் சந்தேகம் கீதா?"