ஆறு மாடி லிஃப்டும் ஆயிரம் கிரகத் தீர்ப்பும்

இந்தப் பிரபஞ்சம் வெடித்துக் கிளம்பி, விண்மீன்கள் திரண்டு, கிரகங்கள் ஆறி, மனிதன் நிமிர்ந்து நடந்ததெல்லாம் ஒரே ஒரு காரியத்துக்காகத்தான்: எங்கள் அப்பா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, "சுமார்தான்" என்று சொல்வதற்காக.

விண்வெளிக் காவிய ஒலிநூல் ரசிகர் என்றொரு இனம் உண்டு. கேட்பது அதற்குப் பொழுதுபோக்கு. கருத்துச் சொல்வதுதான் உயிர்மூச்சு. அப்பா பழுதுபார்ப்பது ஆறு மாடிக் கட்டடத்து லிஃப்ட்; தீர்ப்பு வழங்குவது ஆயிரம் கிரகப் பேரரசுக்கு. மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்து, நாற்பது மணி நேரக் கதையை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பேச்சு நீளும் இடங்களைத் தாண்டி, பேரரசி செத்துப்போகும் அத்தியாயத்தில் வீட்டு சோபாவில் குறட்டை விட்டு, எழுந்து முகம் கழுவிக்கொண்டு ரசிகர் குழுவில் எழுதுவார்: "போர்க் காட்சிகளில் அவசரம் தெரிகிறது. பேரரசி எங்கே போனாள் என்று சொல்லவே இல்லை. கதையில் ஓட்டை."

ஓட்டை எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யார் சொல்வது?

குழுவில் ஒருவர் சொல்வார். 'வால்மீன்' என்று பெயர் வைத்துக்கொண்ட, வேலைவெட்டி இல்லாத யாரோ ஒரு ஆசாமி. அப்பா ஒரு வரி எழுதினால் வால்மீன் பத்தி பத்தியாகப் பதில் எழுதும். அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு இறங்காது.

ஆனால் அவருடைய உண்மையான எரிச்சல், கதை வாசிக்கும் பெண்மேல்தான். மகள் என்னிடம்தான் புலம்புவார்: "தளபதின்னா குரல்ல இரும்பு வேணாமாடி? இந்தம்மா எதிரிக் கப்பலைச் சுடச் சொன்னா, சாப்பிட வான்னு கூப்பிடற மாதிரி இருக்கு!" இனத்தார் அத்தனை பேரும் இதே பாட்டைப் பாட, பதிப்பகம் பயந்துபோய், நான்காம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை மட்டும் வெளியிட்டு, "இவரே தொடரலாமா, ஆளை மாற்றிவிடலாமா?" என்று கேட்டுவிட்டது. ஒருத்தியின் பிழைப்பு, தூங்கிக்கொண்டே கேட்பவர்களின் கையில்.

அப்பா போனில் அந்த அத்தியாயத்தை ஏற்றிக் கொடுத்தது நான். ஏற்றுகிற சாக்கில், குரல் மாற்றும் செயலியில் போட்டு அந்தப் பெண்ணின் குரலைக் கொஞ்சம் தடிக்க வைத்தேன். அவ்வளவுதான்.

"ஆளை மாத்திட்டாங்கடி! இதுல்ல குரல்! மோட்டார் மாதிரி!" அப்பா குதித்தார். ஐந்து நட்சத்திரம். "இவரே தொடரட்டும்." அவர் சொன்னால் குழுவில் பாதிப்பேர் தலையாட்டுவார்கள். ஆட்டினார்கள்.

மறுநாள் குழுவில் யாரோ, "அண்ணே, அது அதே அம்மாதானே?" என்று கேட்க, குட்டு உடைந்தது.

"பெத்த அப்பனைக் கோமாளி ஆக்கிட்டியா? இரு, குடுத்த நட்சத்திரத்தை இப்பவே அழிக்கிறேன்."

"அழிக்காதப்பா! பேரரசி சாகும்போது அந்தக்கா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நொடி சும்மா இருப்பாங்க. அந்த ஒரு நொடிக்கே அஞ்சு நட்சத்திரம் குடுக்கலாம். உனக்கெங்க தெரியும்? நீதான் தூங்கிட்டியே!"

அப்பாவின் விரல் அப்படியே நின்றது. அழிக்கவில்லை.

வாசகரே, இந்த இனம் உங்கள் வீட்டிலும் இருக்கும், உங்கள் சட்டைக்குள்ளேயும் இருக்கும். இதைத் தாண்டித் தாண்டிப் படித்துவிட்டு, எத்தனை நட்சத்திரம் என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தால் நீங்களும்... என்று நான் கம்பீரமாக முடிக்கப் பார்த்தேன். அப்பா விடவில்லை.

"அந்த ஒரு நொடி," என்றார், போனை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இதையே வார்த்தை மாறாம வால்மீன் எழுதியிருந்தானே."

நான் சமையலறைப் பக்கம் நழுவினேன். முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல், தளபதியின் குரலைப் போல இரும்பாக முழங்கியது.

"ஏய் வால்மீனே! சாப்பிட வா!"