புரதம் ஜாஸ்தி

இந்தக் கதையை நான் பல வருஷமாகச் சந்தேகித்து வருகிறேன். சொன்னவன் கண்ணாயிரம், வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். நம்பினால் நான் முட்டாள். நம்பாவிட்டால் நாட்டு நடப்பு தெரியாதவன். இரண்டில் எது மேல் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

மலையில் கூலி வேலை செய்த பாவாடைக்குப் புகையிலை அதக்கி அதக்கிக் கன்னத்துக்குள் ஆறாத புண். புற்றுநோய் என்றார்கள். மனைவி ஜெயம்மாள் அவரைக் கள்ளக்குறிச்சிக்கு இறக்கி, புதிதாகத் திறந்திருந்த உயிர்வாழ்வு முன்கணிப்பு அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். புண்ணில் துளி சதை எடுத்து, அதிலுள்ள புரதத்தை அளந்து, நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என அறிவிப்பதே அவ்வலுவலகத்தின் மேலான பணி. அதன் அனுமதியின்றி எவருக்கும் ஆபரேசன் கிடையாது.

"புரதம் ஜாஸ்திம்மா," என்றார் அதிகாரி நாராயணசாமி, வாயிலிருந்த ஜர்தா பீடாவை ஓரங்கட்டிவிட்டு. "பிழைக்க மாட்டார்."

"அதுக்குத்தானே சார் ஆபரேசன் கேக்குறோம்?"

"பிழைக்காதவருக்கு ஆபரேசன் வீண்."

"கம்மியா இருந்தா?"

"தானாப் பிழைச்சுப்பார். அவருக்கு எதுக்கு ஆபரேசன்?"

"அப்ப யாருக்குத்தான் சார் பண்ணுவீங்க?"

"அந்தக் கேள்வி எங்க பிரிவுல வராதும்மா."

பாவாடை துண்டால் எச்சிலைத் துடைத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் வலித்தது.

ஊரில் அதற்குள் புரதம் நாகரிகமாகிவிட்டது. புண்ணே இல்லாதவர்களும் வாயைத் திறந்தபடி வரிசையில் நின்றார்கள். வடக்கனந்தலில் ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால், பட்டம் இருக்க வேண்டிய இடத்தில், 'புரதம் கம்மி' என்று போட்டிருந்தது. பலர் முன்ஜாக்கிரதையாகப் பருப்பை நிறுத்தினார்கள். முட்டை வியாபாரிகள் மனு கொடுத்தார்கள்.

அலுவலக ஆண்டு விழாவில், மக்களுக்கு முன்மாதிரியாக, நாராயணசாமியே, பீடா போட்டுப் போட்டுத் தம் கன்னத்துக்குள் படிந்திருந்த வெள்ளைப் படலத்தைக் கிள்ளிக் கொடுத்தார். முடிவை மேடையிலேயே வாசித்தார்கள். ஜாஸ்தி. பாவாடையைவிட ஜாஸ்தி.

உடனே அவசரக் கூட்டம். இயந்திரம் தவறாது, அதிகாரியும் தவற மாட்டார், ஆகவே விதிதான் தவறு என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். திருத்தம் வெளியானது: இனிமேல் புரதம் ஜாஸ்தியானவரே பிழைப்பார்.

மறுநாள் ஜெயம்மாள் கதவடியில் நின்றாள்.

"அப்ப எங்கூட்டுக்காரரு பிழைச்சுக்குவாருங்களா?"

"விதிப்படி பிழைச்சே ஆகணும்."

"அவரு ரத்தமா துப்பிக்கினு இருக்காரு சார். செத்துட்டா விதி பொய்யாப் பூடுமே. அப்புறம் ஒங்க கதி இன்னா?"

நாராயணசாமி தம் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அனுமதியில் கையெழுத்துப் போட்டார். அன்று மதியமே பாவாடை ஆபரேசன் மேஜையில் கிடந்தார்.

"மொதல்ல அவர். அவர் பிழைச்சா அடுத்தது நான்," என்று வாசலில் காத்திருந்தார் அதிகாரி.

பாவாடை பிழைத்தார், கஞ்சி குடித்தார். அதிகாரியும் பிழைத்தார். விதி நிரூபணமாகிவிட்டது. "கத்தி வெச்சதாலதானேய்யா பிழைச்சாங்க!" என்று ஜெயம்மாள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. புரதத்தை ஏற்றிக்கொள்ள மாவட்டமே புகையிலை அதக்கத் தொடங்கியது, மாப்பிள்ளைகள் உட்பட.

இந்த இடத்தில் கண்ணாயிரம் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிப்பான். நானும் சிரித்து, அவன் நீட்டும் புகையிலையை வாங்கி அதக்கிக்கொள்வேன். போன வாரமும் அப்படித்தான் சிரித்தான். வலது கன்னம் சுருங்கியது. இடது கன்னம் அப்படியே நின்றது.

என் வாயிலிருந்ததை ஜீப்புக்கு வெளியே துப்பிவிட்டுக் கேட்டேன்:

"கண்ணாயிரம், வண்டிய ஓரமா நிறுத்து. அந்தக் கன்னத்துல இருக்கிறது புகையிலையா, வீக்கமா?"