மொய்யும் ஒரு முதலீடே

ஜெயமங்கலத்துக்கு நிதி அறிவு வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மதுரை பஸ்ஸில். இரண்டு நாள் பயிற்சியை முடித்து, கழுத்தில் தொங்கிய ‘தனிநபர் நிதி ஆலோசகர்’ அட்டையைக் கழற்றாமலே செல்வமணி இறங்கினார். ஊரின் அறியாமை அன்றோடு ஒழிந்தது.

முதல் பயனாளி வைகுண்டராஜ். செல்வமணியின் சித்தப்பா மகள் அனுசுயாவைக் கட்டி, போன தையில் அவளைப் பறிகொடுத்தவன்.

“அனுசுயா தோடு அடகுல இருக்கு மச்சான். புதன்கிழமை ஏலத்துக்குப் போகுது. அத மட்டும் திருப்பணும். ஒரு வழி சொல்லுங்க.”

ஆலோசகர் அவசரப்படவில்லை. வல்லுநர்கள் அவசரப்படுவதில்லை. மனைவி மாயக்காள் கொண்டுவந்த காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“மாப்ள, நகைங்கிறது தூங்குற சொத்து. அத விடுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு காதுகுத்து, ஒரு வளைகாப்பு விடாம மொய் எழுதுனீக. மொய்யும் முதலீடுதேன். திரும்பி வந்துச்சா?”

“எங்க வீட்டுல விசேஷமே நடக்கலையே. புள்ளையில்ல.”

“ஆங்! முடங்கிக் கெடக்கு. மீட்கணும்னா விசேஷம் வைக்கணும்.” குரலைத் தாழ்த்தினார். “தேவாரம் ஊர்ல ஒரு பொண்ணு இருக்கு. மாசக் கடைசிக்குள்ள முடிச்சுரலாம்னு சொன்னாக.”

“ஏங்க, அவளுக்குத் தலைத் தெவசம்கூட வரலையே!” என்றாள் மாயக்காள்.

“இதுக்குப் பேருதேன் உணர்ச்சிவசப்படுறது. மொத நாள் பாடமே அதுதேன்.”

துக்க வீட்டுக்கு வந்தவர்கள் அழ மட்டுமே செய்தார்கள். அந்த இழப்பிலும் ஒரு வரவைக் கண்டவர் செல்வமணி ஒருவர்தான்.

வைகுண்டராஜ் தன் டம்ளரைத் தொடவில்லை.

“உங்க பாப்பா காதுகுத்துக்கு மொய் எழுதத்தேன் அந்தத் தோட்ட அடகு வச்சா. அந்தப் பணத்த மட்டும் குடுங்க மச்சான்.”

“மாட்டேன்னா சொன்னேன்? கல்யாணத்த வைங்க. மொத மொய் என்னுதுதேன். கூடப் போட்டே எழுதுறேன்.”

“அவ செத்தத விசேஷமாச் சேத்துக்கங்களேன்.”

“கேதத்துக்கு மொய் எழுதுற வழக்கம் இல்லையே மாப்ள,” என்றார் ஆலோசகர். படித்தவர்தான், ஆனாலும் பண்பாட்டைக் கைவிடாதவர்.

கற்றதைக் கையோடு செயலில் காட்டுகிறவர்கள் அபூர்வம். புதன்கிழமை ஏலத்தில் அந்தத் தோட்டை மலிவாக எடுத்தவர் செல்வமணி. வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போட்டுப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

பொருந்தாமல் போகுமா? அந்தத் தோட்டை அடகு வைத்த பணத்தில் குத்திய காது.