பண்ணை வாளியில் ஒரு கச்சேரி

முதல் மாடு மேடைக்கு முன்னால் வந்து நின்று என் முகத்தையே பார்த்தது.

நான் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கச்சேரி நடக்கிறதே!

கச்சேரி என்றதும் வயலின், மிருதங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஓசூர் பாட்டு மாஸ்டருக்கு அதெல்லாம் அற்பம். வீட்டுச் சாமான்களை வைத்தே வெள்ளைக்காரன் பாணியில் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துவாராம்! தச்சுப்பட்டறை ரம்பத்தை வில்லால் தேய்க்க ஓர் ஆள். தண்ணீர் ஊற்றிய பால் கேன்களைக் குச்சியால் தட்ட ஓர் ஆள். சைக்கிள் பம்பின் வாயில் நாயனச் சீவாளியைச் செருகி அடிக்க ஓர் ஆள். அந்தப் பம்பு சத்தம், ஆட்டுக்குட்டியை யாரோ மிதித்த மாதிரி இருக்கும்.

சிரித்தால் மாஸ்டருக்குக் கோபம் வரும். "இது வாத்தியம்டா! மரியாதையாத் தொடு!"

நான் ஏன் சேர்ந்தேன்? எஸ்.எஸ்.எல்.சி. தேறவில்லை. சும்மா கிடந்தால் மாமா என்னை மாட்டுப் பண்ணையில் சாணி வாரப் போட்டுவிடுவார். மதராஸ் ரேடியோவிலிருந்து ஓர் அதிகாரி கேட்க வருகிறார், அவர் தலையாட்டிவிட்டால் குழு முழுதும் மதராஸ் போகலாம் என்றார் மாஸ்டர். சாணிக்கு மதராஸ் மேல்.

எனக்கு வாளி. சுருதிக்கு ஏற்ற வாளி தேடிக் கடைத்தெருவில் ஒவ்வொன்றாகத் தட்டினேன்.

"ஏ, ஹோகோ! வாங்க வந்தியா, தட்டிப் பாக்க வந்தியா?" என்று கடைக்காரர் கன்னடமும் தமிழுமாகத் துரத்தினார்.

கடைசியில் மாமாவின் பண்ணையில் ஒன்று கிடைத்தது. தட்டிப் பார்த்த மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆஹா! சுத்த மத்திமம்!"

மாமாவோ, "பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்துருடா" என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, தினமும் சாயங்காலம் அந்த வாளியைத் தட்டித்தான் மாடுகளைத் தீவனத்துக்குக் கூப்பிடுவார்களாம்!

கச்சேரியன்று, மதியம் வர வேண்டிய அதிகாரி பொழுது சாயும்போதுதான் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். ரம்பத்துக்கு ஒரு கொட்டாவி, பம்புக்கு இரண்டு. தலை மட்டும் ஆடவே இல்லை.

என் முறை வந்தது. தட்டினேன். மேய்ச்சல் முடிந்து ரோட்டில் போய்க்கொண்டிருந்த பண்ணை மாடுகள் அத்தனையும் எங்கள் பக்கம் திரும்பின.

இரண்டாவது மாடு பால் கேன் தண்ணீரைக் குடித்தது. சுருதி போச்சு! பம்புக்காரன் பம்பை எறிந்துவிட்டு ஓடினான். ரம்பக்காரன் வில்லோடு புளியமரத்தில். மாஸ்டர் தன் ஆர்மோனியப் பெட்டிமேல் ஏறி நின்றார். செருப்போடு!

"என்னாடா பண்ற? நிறுத்துடா!"

மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். "டேய் பாவி, வாளியக் கீழ போடுடா! நீ தட்டற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும்!"

நான் அதிகாரியைப் பார்த்தேன். மனுஷன் நாற்காலிமேல் ஏறி நின்று, கண்ணில் நீர் வழியச் சிரித்தபடி, என் தட்டலுக்குச் சரியாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துடா!" என்று மாமாவும் மாஸ்டரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டினேன்.