ஹீட்டர் அண்ணன்

கள்ளக்குறிச்சி வெயிலில் காருக்குள் ஹீட்டர் போட்டு ஓட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் கார் ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே ஹீட்டர். சொந்தப் பெயர் டிராபிக் போலீஸுக்குக்கூடத் தெரியாது.

நானும் அங்கேதான் கார் ஓட்டினேன். அவருடையது பழைய அம்பாசடர். ஊட்டியில் ஓடிய வண்டி என்பதால் ஹீட்டரோடு வந்து சேர்ந்தது. ஒரு சித்திரையில் மணலூர்பேட்டைக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போனார். இறங்கும்போது முகத்துப் பவுடர் முழுக்கச் சட்டையில் இருந்தது. ஆரத்தித் தட்டோடு வந்தவர்கள் அதை வைத்துவிட்டு விசிறி தேடி ஓடினார்களாம். கேட்டால், ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்தேன் என்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் அந்த ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர் விரிசல் விட்டது. இன்ஜினிலிருந்து வரும் சுடுதண்ணீர், முன்சீட்டில் இருந்தவர் காலில் ஊற்றியது. ரேடியேட்டர் கடைக்கு நானும் கூடப் போனேன். இரண்டு ரப்பர் குழாயையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, ஹீட்டரைக் கழற்றி எறிந்துவிடலாம், வண்டி நன்றாகவே ஓடும் என்றார் மெக்கானிக்.

“நம்ம ஊருக்கு ஹீட்டர் இன்னாத்துக்குண்ணா?” என்று கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “வூட்ல அதுக்குக் குளுரு தாங்கலடா.”

அதற்கப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவர் மனைவிக்கு ரத்தத்தில் ஏதோ நோய். வாராவாரம் மலைமேல் வெள்ளிமலையில் இருக்கும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கூட்டிவருவார். உச்சி வெயிலிலும் அந்த அம்மா கம்பளிக்குள் நடுங்குவாராம். அந்தப் பயணத்துக்காகத்தான் எங்கள் ஊர் சவாரிகளை எல்லாம் வேகவைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் குட்டி ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் பற்றவைத்தார். தண்ணீர் ஊற்றினால் வேறிடத்தில் கசிந்தது. அங்கேயும் வைத்தார். சாயங்காலம் வண்டியில் மாட்டி ஓடவிட்டதும், அண்ணன் அனல் வரும் ஓட்டையில் முகத்தைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசி மழையில் அந்த அம்மா ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுபோக வேறு வண்டி எதற்கும் அண்ணன் சம்மதிக்கவில்லை. நான்தான் அவர் காரை ஓட்டினேன். பின்சீட்டில் மனைவியை மடியில் கிடத்தியிருந்தார். முன்னால் கொழுந்தியாள். மலை ஏறினதும் பனி மூடியது.

“ஹீட்டரப் போடுப்பா” என்றார்.

கொழுந்தியாள் திரும்பிப் பார்த்து, “அக்காவுக்கு இனிமே இன்னாத்துக்கு மாமா?” என்றது.

“எனக்குத்தாம்மா குளுருது.”

போட்டேன். வெள்ளிமலை வரைக்கும் சட்டை நனைய ஓட்டினேன். கண்ணாடியைக் கொஞ்சம்கூட இறக்க மனம் வரவில்லை.