பலாவிளை ஏற்றமும் சிவப்பு சுவிட்சும்

பலாவிளை ஏற்றத்துக்குத் தார் போடவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து கிடையாது. பஞ்சாயத்துக்கு இல்லை, பொறியாளருக்கு இல்லை, ஓட்டுக் கேட்டு ஏறி வந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. இத்தனை பேர் ஒத்துக்கொண்ட காரியம் நடக்காது என்பது ஓமனாவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

கீரிப்பாறைக்குப் போகிற பெரிய சாலையிலிருந்து பிரிந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண்ணில் ஏறும் வழி அது. இந்தப் பக்கம் இரண்டு பருவமழையும் நமக்குத்தான் என்பதால், வருஷத்தில் பாதி நாள் அது வழியாக இருப்பதை நிறுத்திவிட்டுக் குழம்பாக இருக்கும். கான்வென்ட் வேன் ஏறாது. ஓமனா மகள் சுபிதாவின் வெள்ளை ஷூவைத் தன் பையில் போட்டு, பிள்ளையின் காலில் பிளாஸ்டிக் கவரைக் கட்டி, கீழே வரை நடத்திக் கூட்டிப்போவாள். வேன் வாசலில் காலைத் துடைத்து ஷூவை மாட்டிவிடுவாள். ஷூவில் ஒரு பொட்டுச் செம்மண் இருந்தாலும் சிஸ்டர் அசெம்பிளியில் வெளியே நிறுத்திவிடுவார். கர்த்தர் பாவிகளை மன்னிப்பார். சிஸ்டர் ஷூவை மன்னிப்பதில்லை.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஓமனா மனு கொடுத்தாள். மனு பரிசீலனையில் இருந்தது. இன்னொன்று கொடுத்தாள். அது முந்தைய மனுவுடன் இணைத்துப் பரிசீலிக்கப்பட்டது. இணைந்த பிறகு இரண்டும் மகிழ்ச்சியாக இருந்திருக்கவேண்டும், வெளியே வரவே இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் அவள் கணவன் ராஜகுமார் பிரச்சினையைக் கையில் எடுத்தான். மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து, ஏத்தன் வாழைக்குலை ஏற்ற ஒரு பிக்கப் வாங்கி ஓட்டுகிறவன். பாலைவன மணலைப் பார்த்தவனுக்கு உலகத்தில் தெரியாதது இல்லை என்பது அவன் எண்ணம்.

"பிரச்சினை ரோட்டுல இல்ல, ஓமனா. டிஃபரன்ஷியல்ல ஆக்கும்."

"அந்த ஆபீஸ் எங்க இருக்கு?"

அவன் பொறுமையாக விளக்கினான். பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி இருக்கிறது. வளைவில் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற அதுதான் வழிவிடுகிறது. ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால், இஞ்சின் கொடுக்கிற சுற்றெல்லாம் அந்த வழுக்குகிற சக்கரத்துக்கே போகும். கெட்டி மண்ணில் நிற்கிற மற்ற சக்கரம் வேடிக்கை பார்க்கும்.

"அதாவது சும்மா சுத்துகவனுக்கு எல்லாம் குடுப்பாவ. வேலை செய்யக்கூடியவன் சும்மா நிப்பான். கவர்மெண்டு உத்தியோகஸ்தன் கண்டுபிடிச்சதா?"

"அந்தப் பெட்டிக்கு லாக்கர்னு ஒரு பூட்டு உண்டு. அதப் போட்டா ரெண்டும் சேந்து சுத்தியே ஆகணும், கேட்டியா? தப்பிக்க முடியாது."

"அப்ப முதல்ல மனு வாங்குத ஆபீஸ்ல ஒண்ணு போடச் சொல்லுங்க."

அவன் காதில் அது விழவில்லை. மலையேற்ற வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்திருந்தான். தார் ரோட்டில் போய் டீ குடித்துத் தார் ரோட்டிலேயே திரும்புகிறவர்கள் அதில் அதிகம். லாக்கரில் மூன்று வகை உண்டு என்று அங்கே தெரிந்தது. ஒன்று, சக்கரம் வழுக்கினால் தானாகவே பிடித்துக்கொள்ளும். நல்ல சரக்குதான், ஆனால் வண்டியில் அது இருப்பதே யாருக்கும் தெரியாது, ஆகவே தள்ளுபடி. இரண்டாவது காற்றழுத்தத்தில் வேலை செய்யும், அதற்குத் தனியாகக் கம்ப்ரசர் வேண்டும். மூன்றாவது மின்சாரம். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு சுவிட்ச், அதன்மேல் சின்ன மூடி. மூடியைத் தூக்கி அழுத்தினால் விளக்கு எரியும். அந்த வீடியோவைப் பார்த்ததும் தொழில்நுட்ப ஆய்வு நிறைவுபெற்றது.

மார்த்தாண்டத்தில் சிஜோவின் ஒர்க்ஷாப்பில் வண்டியைத் தூக்கி, ஆயிலை வடித்து, டிஃபரன்ஷியலைப் பிரித்துப் போட்டார்கள். லாக்கரை உள்ளே வைத்து, பற்சக்கரங்களின் பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியைச் சிஜோ திரும்பத் திரும்ப அளந்து பார்த்தான்.

"அண்ணே, சேத்துல மட்டும் அமுக்கணும். தார் ரோட்டு வளைவுல அமுக்குனா டயர் போயிரும். பொறவு, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

"உள்ள கிடக்கது ஆருக்குத் தெரியப்போவுது?" என்றான், எல்லாருக்கும் தெரியவேண்டும் என்றே சிவப்பு சுவிட்சைத் தேர்ந்தெடுத்தவன்.

வண்டி ஏறியது. சேற்றில் முக்கி, முனகி, பிறகு கோயில் யானை மாதிரி நிதானமாக ஏறியது. சுபிதா ஷூ போட்ட காலோடு வீட்டு முற்றத்திலேயே வண்டியில் ஏறி வேன் வரை போனாள். ஓமனா தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கணவன் சொன்னது சரி என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கம்ப்ரசரும் வாங்குவான்.

சொல்லாமலே ஊர் கெட்டது. பக்கத்து வீட்டுச் சிவபிரசாத் நீல சுவிட்ச் வைத்த லாக்கர் போட்டான். அடுத்து இன்னொருவன். ஓடாத வண்டியை முற்றத்தில் நிறுத்தியிருந்த பெனின், சுவிட்சை மட்டும் வாங்கி மாட்டிவைத்தான். சாயங்காலமானால் மூடியைத் தூக்கி விளக்கை எரியவிட்டுப் பார்த்துக்கொள்வான்.

அப்போதுதான் மனு கனிந்தது. வியாழக்கிழமை பொறியாளர் நேரில் ஆய்வு செய்ய வருகிறார் என்று தகவல். ஓமனா எல்லாரையும் கூட்டினாள்.

"அன்னைக்கு ஒருத்தனுக்க வண்டியும் ஏறப்பிடாது. மாட்டிக்கிடணும். டயர் சுத்தணும், சேறு தெறிக்கணும்."

"எம்புட்டு நேரம் எக்கா?" என்றான் சிவபிரசாத்.

"சாருக்கு மனசு இளகுகது வர. சுவிட்சுல கை வச்சவன் எனக்க முகத்துல முழிக்காண்டாம்."

மண்டைக்காட்டு அம்மன்மேல் ராஜகுமார் சத்தியம் செய்தான்.

வியாழக்கிழமை மழையும் ஒத்துழைத்தது. பொறியாளர் ஆனந்தகிருஷ்ணனின் ஜீப் பாதி ஏற்றத்தில் புதைந்தது. அதற்கு முன்னால் ராஜகுமாரின் பிக்கப், ஏற்பாட்டின்படி, ஒற்றைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு அழகாக மாட்டி நின்றது. பொறியாளர் இறங்கினார், ஒரு கால் முட்டுவரை போயிற்று.

"ரொம்ப மோசம்மா. இன்னைக்கே எழுதிடுறேன்," என்று பேனாவை எடுத்தார். ஓமனாவின் கண்ணுக்கு முன் வேன் ஏறி வந்தது.

பேனா மூடியைத் திறந்துகொண்டே அவர் சும்மா ஒரு வார்த்தை சொன்னார். "எவ்வளவு பெரிய பிக்கப்! கடைசியில ஆட்டோ மாதிரிதான் நிக்குது. எல்லாம் ஷோதான் போல."

சுற்றி நின்ற ஊர் ராஜகுமாரைத் திரும்பிப் பார்த்தது. அவன் காது சிவந்ததை ஓமனா பார்த்தாள். விரல் நகர்ந்ததையும் பார்த்தாள். "வேண்டாம், வேண்டாம்," என்று தலையை ஆட்டினாள். சுவிட்சின் மூடி மேலே போனது. விளக்கு எரிந்தது. வண்டி ஏறியது. ஏறியதோடு விட்டானா? கயிறு போட்டு ஜீப்பையும் இழுத்து மேலே விட்டான். "அப்ப எனக்கது மட்டும் ஷோவா?" என்று சிவபிரசாத்தும் ஏற, மற்றவர்களும் வரிசையாக ஏறினார்கள். பெனின் கைதட்டினான்.

பொறியாளரும் கைதட்டிவிட்டு எழுதினார். "சாலை வாகனப் போக்குவரத்துக்கு உகந்த நிலையில் உள்ளது."

"சார், அவிய லாக்கர் போட்டுல்லா ஏறுனாவ!"

"எதப் போட்டா என்னம்மா? ஏறுச்சா இல்லியா? நேர்ல பார்த்தத நான் மறைக்க முடியுமா?"

எதையும் மறைக்காத மனிதர், லாக்கரையும் அறிக்கையில் பாராட்டி எழுதிவிட்டார். பாராட்டு நேராகப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். அனுமதி பெறாமல் வாகனத்தில் மாற்றம் செய்தது குற்றம், ஆகவே மேற்படி சாதனங்களை உடனடியாகக் கழற்றவேண்டும்.

"கழத்துனா வண்டி ஏறாதே சார்," என்றாள் ஓமனா.

"சாலை உகந்த நிலையில இருக்குன்னு அறிக்கை இருக்கே. உகந்த சாலைக்கு லாக்கர் எதுக்கு?"

"லாக்கராலதான் சார் அது உகந்துச்சு!"

"அது வேற துறைம்மா."

கழற்றினார்கள். பெனினின் சுவிட்ச்கூடத் தப்பவில்லை. எல்லாரும் கழற்றிவிட்டார்களா என்று சரிபார்க்க இன்ஸ்பெக்டர் மறுபடி ஒரு மழைநாளில் வந்தார். அவர் ஜீப் அதே பாதி ஏற்றத்தில், பொறியாளர் விட்டுப்போன குழியிலேயே உட்கார்ந்தது.

"யாராவது அத வச்சு லேசா ஒரு இழுப்பு..." என்றார் அவர்.

"கழத்தியாச்சு சார். சரிபாத்துக்கிடுங்க," என்றான் சிவபிரசாத்.

சுபிதாவைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்த ஓமனா, பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். "ஷூவ கழத்திக் கையில வச்சுக்கிடுங்க. கால்ல இதக் கட்டிக்கிட்டு நடங்க. சுபி, சாருக்கு எங்க மிதிக்கணும்னு காட்டிக்குடு மக்களே."

பின்னால் போனைப் பார்த்துக்கொண்டு வந்த ராஜகுமார் சொன்னான். "பிரச்சினை லாக்கர்ல இல்ல, ஓமனா. வின்ச் ஆக்கும். முன்னால மாட்டுகது. மரத்துல கம்பியக் கட்டிவிட்டா வண்டி தன்னப்போல ஏறும். ரிமோட் உண்டு."

"என்ன கலர்ல?" என்றான் சிவபிரசாத்.

கவர் கட்டிய காலோடு இன்ஸ்பெக்டரும் நின்று திரும்பினார். "ஜீப்புக்குக் கிடைக்குமா?"

ஓமனா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே நடந்தாள். வேன் வாசலில் ஷூவை மாட்டும்போது அதில் ஒரு பொட்டுச் செம்மண் இருந்தது. துடைக்கத் துணி தேடிப் பையைத் துழாவினாள். வரும் திங்கள்கிழமைக்கு எழுதிவைத்த மனுதான் கையில் அகப்பட்டது. அதைக் கசக்கி ஷூவை அழுத்தித் துடைத்தாள். அவள் எழுதிய மனுக்களில் ஒரு குறையாவது தீர்த்தது அது ஒன்றுதான்.