கணினியில் நோய் தீர்ப்பவர்

கிருமியை நேரில் பார்க்காமலேயே கொன்றுவிடுகிற மனிதர்கள் என்று ஒரு ரகம் உண்டு. இவர்களுக்குச் சோதனைச்சாலை வேண்டாம், நோயாளி வேண்டாம். கரண்ட் இருந்தால் போதும்.

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தும் கலைச்செல்வன் இந்த ரகத்தில் முதல் தரம். ஏரிக்கரையில் நாமெல்லாம் செடியைப் பார்ப்போம், அவர் செடிக்குள் இருக்கும் வேதிப்பொருள்களைப் பார்ப்பார், வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்றுவார், பூட்டுக்குச் சாவி போட்டுப் பார்ப்பதுபோல் ஏதாவதொரு கிருமியின் புரதத்தில் பொருத்துவார், பொருந்திவிட்டால் "ஒட்டிக்கிச்சு!" என்று கூவி மனைவி வளர்மதியைச் சமையலறையிலிருந்து வரவழைப்பார். டெங்கு, காசநோய், பறவைக் காய்ச்சல் எல்லாம் அந்த வீட்டில் இப்படித்தான் ஒழிந்தன. அவருடைய கட்டுரைகளின் கடைசி வரி மட்டும் மாறாது: 'மேற்கொண்டு ஆய்வகச் சோதனை தேவை.' யார் செய்வது? வேறு யாராவது.

மாமியார் சிட்டம்மாளுக்குப் பெருநகர் என்ற பக்கத்துக் கிராமத்தில் நாற்று நடும்போது காலில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டது. மகள் வீட்டுக்கு வந்தபோது காயத்தில் சீழ் கோத்திருந்தது. கலைச்செல்வனின் முகம் மலர்ந்தது. சீழ் பிடிக்கவைக்கும் கிருமியைக் குப்பைமேனி இலை அப்போதுதான் திரையில் வென்றிருந்தது. அரைத்துக் கட்டினார்.

"இன்னா மாப்ள, வலி ஏறிக்கினே போவுதே?"

"மருந்து உள்ள சண்ட போட்டுக்கினு கீது அத்த."

சண்டையில் கால் முழங்கால்வரை வீங்கியது. காய்ச்சல் கொதித்தது. "உங்க கம்ப்யூட்டர் இன்னா வேணா சொல்லட்டும். எனக்கு எங்கம்மா வேணும்" என்று வளர்மதி ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டை அவிழ்த்தார். "யாரு இதைக் கட்டினது?"

"கம்ப்யூட்டர்ல நல்லா ஒட்டிச்சு டாக்டர்."

"கால்லயும் நல்லாத்தான் ஒட்டியிருக்கு. இன்னும் தாமதிச்சிருந்தா காலையே எடுத்திருக்கணும்."

இலையைச் சுரண்டும்போது சிட்டம்மாள் அலறினார். வெளியே பெஞ்சில் கலைச்செல்வன் காதைப் பொத்திக்கொண்டார். திரையில் யாரும் அலறியதில்லை.

ஊசி மருந்தில் கால் பிழைத்தது. அதன்பிறகு கலைச்செல்வன், வேலையில் சேர்ந்த பின் முதல் தடவையாக, கல்லூரி ஆய்வகத்தில் ஒரு தட்டில் கிருமியை வளர்த்து, தான் அரைத்த சாற்றை அதன்மேல் விட்டார். மறுநாள் கிருமிகள் செழித்திருந்தன. திரையில் ஒட்டிய வேதிப்பொருள் சாற்றில் இல்லாமல் இல்லை. ஏரியில் கரைத்த பெருங்காயம் அளவுக்கு இருந்தது.

"நான் பண்ணது தப்பு அத்த. அது வேல செய்யல" என்று போய்ச் சொன்னார்.

சிட்டம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "போவுது வுடுங்க மாப்ள. இனிமே எதுனா கண்டுபுடிச்சா, மொதல்ல உங்க கால்ல கட்டிப் பாருங்க."

இப்போது திரையில் ஒட்டுவதையெல்லாம் அவர் தட்டிலும் போட்டுப் பார்க்கிறார். பெரும்பாலும் கிருமிதான் ஜெயிக்கிறது. அதைத் தோல்வி என்றே எழுதுகிறார். அதனால் எந்தக் கருத்தரங்கிலும் அவரைப் பேச அழைப்பதில்லை.

ஒருவர் திருந்தியதால் ரகம் அழிந்துவிடவில்லை. வாசகரே, மேலே படித்துக்கொண்டு வரும்போது, 'வெறும் குப்பைமேனியைக் கட்டினால் எப்படி? கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து அரைத்திருந்தால் கேட்டிருக்குமே' என்று உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியிருந்தால், உங்களுக்குக் கம்ப்யூட்டர்கூடத் தேவைப்படவில்லை.